பஞ்சம் விட்டுச்சென்ற சிறார்: சுவாமி அகண்டானந்தரின் தொண்டு

மழை பொய்த்தலாலோ வெள்ளத்தாலோ நிலநடுக்கத்தாலோ ஒரு நாடு அழிவுறுங்கால், அவ்வழிவை உயிர்க்கணக்காலும் பொருட்கணக்காலும் அளத்தல் உலக வழக்கு. உதவி செய்வாரும் அரிசி இத்தனை மூடை, ஆடை இத்தனை என்று தம் பணியை அளப்பர். இவ்விரு கணக்கிலும் அடங்காத ஒருசாரார் உளர். அவரே பெற்றோரை இழந்த சிறார். வயல் மீண்டும் விளையும்; இடிந்த வீடு மீண்டும் எழும்; கஞ்சிச்சாலையும் மூடப்படும். அச்சிறாரின் துன்பமோ அந்நாளிலேதான் தொடங்குகின்றது. இவர்பொருட்டுத் தொண்டர் செய்யத்தக்கது யாது என்னும் வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர் சுவாமி அகண்டானந்தர். 1897ஆம் ஆண்டில் வங்காளத்து முர்ஷிதாபாத் மாவட்டத்திலே அவர் தொடங்கிய பணி, இராமகிருஷ்ண இயக்கத்தின் முதலாவது துயர்துடைப்புப் பணியென்று போற்றப்படுவது. அதன் புகழைப் பலர் அறிவர். அதனுள்ளே எழுந்த சிக்கல்களை அறிந்தார் சிலரே.

அகண்டானந்தர் 1864இல் கல்கத்தாவிலே பிறந்தவர். இளமையிலேயே பகவான் இராமகிருஷ்ணரை அடைந்தவர். இமயத்திலும் திபெத்திலும் பல்லாண்டு தனித்துத் திரிந்த இத்துறவி, பின்னர் இராசபுதனத்துக் கேத்ரி நாட்டில் எளியோரின் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்க முயன்றார். அம்முயற்சியை அமெரிக்காவிலிருந்த விவேகானந்தர் 1894இல் கடித வாயிலாக ஊக்கினார். ஆகவே, முர்ஷிதாபாத்திற்கு வருமுன்னரே, சிறாரை நோக்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது எனலாம்.

1896இல் பருவமழை பொய்த்தது. அதனால் விளைந்த பஞ்சம் இந்தியாவின் பல பகுதிகளையும் பற்றிற்று. மறு ஆண்டிலே கங்கைக்கரை வழியாகக் கால்நடையாய்ச் சென்றுகொண்டிருந்த அகண்டானந்தர், தாத்பூர் என்னும் ஊரருகே ஒரு முஸ்லிம் சிறுமி அழுதுகொண்டு நிற்கக் கண்டார். அவள் தண்ணீர் கொண்டுசெல்லும் குடம் உடைந்துவிட்டது. வீட்டில் வேறு குடமில்லை. தாய் அடிப்பாள் என்பது அச்சம். கையிலிருந்த சிறு காசில் அவர் ஒரு குடமும் சிறிது அவலும் வாங்கிக் கொடுத்தார். சற்று நேரத்துள் பசித்த பிள்ளைகள் பலர் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டனர். எஞ்சிய காசும் அவலாய்த் தீர்ந்தது. பெருஞ் சங்கத்தின் தீர்மானத்தாலன்றி உடைந்த மண்குடம் ஒன்றினால் இப்பணி தொடங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மேலும் சென்ற அவர், மகுலா என்னும் ஊரை அடைந்தபின் அவ்விடம்விட்டு அகல மனங்கொண்டிலர்.

அவர் விடுத்த கடிதத்தைக் கண்ட விவேகானந்தர், 150 ரூபாவுடன் துணைவர் இருவரை அனுப்பினார். 1897 மே மாதம் 1ஆம் நாளிலேதான் இராமகிருஷ்ண மிஷன் அமைக்கப்பட்டிருந்தது. அதே மாதம் 15ஆம் நாள் மகுலாவில் அரிசி வழங்கல் தொடங்கிற்று. கொழும்பிலே பிறந்து கல்கத்தாவிற் காலூன்றிய மகாபோதி சங்கமும் பொருளுதவியது. மாவட்ட மஜிஸ்திரேட் லெவிஞ் என்பாரும் ஆதரவு நல்கினார்.

இவ்விடத்து ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. அகண்டானந்தரின் துணிவை வியந்து பாராட்டிய விவேகானந்தரே, அவ்வாண்டு சூலை மாதத்தில் அல்மோராவிலிருந்து பிரமானந்தருக்கு எழுதிய கடிதத்தில், பணி நடைபெறும் முறையைக் குறைகூறினார். ஒரு சிற்றூரிலே முயற்சியனைத்தையும் செலவிட்டு அரிசி மட்டும் அளந்து கொடுத்தலாற் பயனென்னை என்பது அவர் வினா. தம்மைத் தாமே காக்கும் வழியை மக்கள் கல்லாராயின், உலகத்துச் செல்வமெல்லாம் திரண்டாலும் ஓர் ஊரையேனும் உய்விக்க இயலாது என்பது அவர் துணிபு. கடுமையான கூற்றுத்தான். பசித்தவன்முன் நின்றானுக்கு அரிசியினும் பெரிய அறம் அப்போது தோன்றாது. ஆயினும், அரிசி நின்றபின் எஞ்சுவது யாது என்று கேட்பவனும் வேண்டும். களத்தில் நின்றவரும் தொலைவில் நின்றவரும் கண்ட இவ்விரு உண்மைகளும் அநாதைச் சிறாரிடத்தே ஒன்றுகூடின. சிறாருக்கு இன்று சோறும் வேண்டும். பதினைந்து ஆண்டு கழித்துத் தொழிலும் வேண்டும்.

மற்றொன்றும் ஈண்டு விளக்கற்பாலது. பஞ்சத்திற் பெரும்பாலோர் பட்டினியால் நேரே மடிவதில்லை. மெலிந்த உடலைப் பற்றும் வாந்திபேதியும் காய்ச்சலுமே பலரைக் கொண்டுசெல்வன. 1897இல் மழை திரும்பியதும் மலேரியாக் காய்ச்சல் நாட்டின் பல பகுதிகளிற் பெருகிற்று. மழை வந்துவிட்டது, இனித் துன்பமில்லை என்று உதவியைச் சுருக்கும் பருவத்திலேயே தாய் தந்தையர் பலர் இறந்தனர். ஆதலால் அநாதைகளின் தொகை பஞ்சத்தின் உச்சியிலன்றி அதன் இறுதியிலே மிகுந்தது. தொண்டர் விடைபெறும் வேளையும் சிறார் தனித்துவிடப்படும் வேளையும் ஒன்றாய் அமைதல் இத்தகைய அழிவுகளின் கொடுமை. அகண்டானந்தர் விடைபெற்றிலர். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஓரிரு சிறுவரைத் தம்மிடம் ஏற்று, மகுலாவிலே அவர்களுக்கோர் இல்லம் அமைத்தார்.

அச்சிறாரை எச்சமயத்தவராய் வளர்ப்பது? அந்நாளில் இவ்வினா எளியதன்று. 1896-97 பஞ்சத்திலே பெற்றோரற்ற பிள்ளைகளைக் கிறித்தவ நிலையங்கள் பல ஏற்றுக் காத்தன. பண்டித ரமாபாய் மத்திய மாகாணங்களிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளையும் இளம் விதவைகளையும் அழைத்துச் சென்று வாழ்வளித்தார். அவர்கள் செய்த உதவி பெரிது. அதனைக் குறைத்துக் கூறல் நன்றிகோறலாகும். ஆயினும், சோறிட்டவரின் சமயமே குழந்தையின் சமயமாகிவிட்டது என்ற மனக்குறை இந்துக்களிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இருந்தது. அக்குறையை உடையார், தாம் முஸ்லிம்கள் மிக்கு வாழும் மாவட்டத்திலே இல்லம் அமைக்குங்கால், தாமும் அதனையே செய்வரோ? விவேகானந்தர் 1897 அக்டோபரில் அகண்டானந்தருக்கு எழுதிய கடிதம் இதற்கு ஐயமற விடை கூறிற்று. முஸ்லிம் சிறுவரையும் ஏற்கவேண்டும். அவர் சமயத்தில் ஒருசிறிதும் கைவைத்தல் கூடாது. அவர்தம் உணவுக்குத் தனி ஏற்பாடு செய்து, ஒழுக்கமும் ஆண்மையும் பிறர்க்குதவும் மனமும் உடையராக வளர்த்தலே கடமை என்பது அக்கடிதத்தின் கருத்து. காப்பாற்றுவோரின் கைக்கும் ஓர் எல்லையுண்டு என்று இவ்வளவு தெளிவாய் அக்காலத்தில் உரைத்தார் அரியர்.

இல்லம் சிலகாலத்தில் மகுலாவிலிருந்து அயலிலுள்ள சிவநகருக்குச் சென்றது. 1913இல் சர்காச்சியிலே சொந்த நிலத்தில் நிலைபெற்றது. எழுத்தும் எண்ணும் கற்பித்ததோடு, நெசவு, தையல், தச்சு, பட்டுப்புழு வளர்த்தல் ஆகியனவும் பயிற்றப்பட்டன. முர்ஷிதாபாத் பட்டுக்குப் பெயர்போன நாடு என்பதை நோக்கின் இத்தெரிவின் நுட்பம் புலனாகும். தொலைநகரில் மட்டும் விலைபோகும் கல்வியைக் கற்ற அநாதை, ஊருக்கு இரண்டாம் முறையும் அநாதையாவான். தறியில் அமரக் கற்றவனுக்கோ அம்மண்ணிலேயே இடமுண்டு.

இவ்வில்லத்தைக் குறையற்றதோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் பொருந்தாது. எத்துணை அன்புடையதாயினும் நிலையம் வீடாகாது என்பதை இன்றைய குழந்தைநல அறிஞர் வற்புறுத்துவர். 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிகளும், உற்றார் உறவினரை முதலில் நாடுக, நிலையத்தை ஈற்றில் நாடுக என்றே கூறுகின்றன. 2004 திசம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின் இலங்கை இவ்வழியையே தழுவ முயன்றது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், கடற்கோளாற் பெற்றோரை இழந்த சிறாரின் வளர்ப்புப் பராமரிப்பைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் மேற்பார்வையுள் வைத்தது. பேரழிவின் பதற்றத்திலே தத்தெடுக்க விரைவோர் எல்லாரும் தீயோரல்லர். ஆயினும் குழப்பத்தில் எடுத்துச் செல்லப்பட்ட பிள்ளைக்கு, தேடிவரும் பாட்டியோ மாமனோ பின்னர் உளர் எனத் தெரியவரின் யார் விடை கூறுவது? ஆதலின் பெயர், ஊர், உறவு ஆகியவற்றைக் கேட்டுப் பதிதலே தொண்டரின் முதல் வேலை. சோற்றுப்பானையினும் முன்னர்ப் பதிவேடு திறக்கப்படவேண்டும் என்று கூறினும் மிகையாகாது.

இக்காலத் தொண்டரிடத்து மற்றொரு குறையும் காணப்படுகின்றது. இரண்டு கிழமை வந்து, பிள்ளைகளோடு விளையாடிப் படமெடுத்துச் செல்வாருக்கு அஃது இனிய நினைவு. பிள்ளைக்கோ, நெருங்கியவர் மீண்டும் ஒருமுறை மறைந்துபோன நாள் அது. அகண்டானந்தர் நிலையத்தையே நடத்தினார் என்பது மெய்யே. ஆனால், அந்நிலையத்திலே பிள்ளைகளோடு தாமும் வாழ்ந்தார்.

இடையிலே 1899இல் பாகல்பூர் மாவட்டத்துக் கோகாவில் வெள்ளம் சூழ்ந்தபோது அங்குச் சென்று பணிசெய்து மீண்டார். 1934 சனவரி 15ஆம் நாள் பீகாரைக் குலைத்த நிலநடுக்கத்தின் பின், எழுபதை அணுகிய முதுமையிலும் முங்கேர், பாகல்பூர்ப் பகுதிகளை நேரிற் சென்று கண்டார். அவ்வாண்டிலேயே இராமகிருஷ்ண மடத்துக்கும் மிஷனுக்கும் மூன்றாவது தலைவரானார். தலைமைப் பதவி பேலூரில் இருந்ததாயினும் அவர் சர்காச்சியை விட்டுப் பிரிந்திலர். 1937 பெப்ரவரி 7ஆம் நாள் பேலூரிலே உடல் நீத்த அவரை, அவ்வூர் மக்கள் தலைவர் என்றோ சுவாமி என்றோ அழைக்காது, இறுதிவரையும் ‘பாபா’ என்றே அழைத்து வந்தனர்.