வீட்டுக்குள் ஒரு தொழிற்சாலை

காஞ்சிபுரம் என்றதும் கோயில் கோபுரங்களும் பட்டுச் சேலைகளும் நம் நினைவுக்கு வரும். அந்தச் சேலைகள் பிறக்கும் இடம் பெரிய ஆலையன்று. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே தறி அமைந்திருக்கும். தரையில் ஒரு குழி. அதில் கால் மிதிகள். மேலே மரச் சட்டங்கள். இதுவே குழித்தறி. மின்சாரம் வேண்டாம், தனிக் கட்டடம் வேண்டாம். குறைந்த செலவில் வீட்டிலேயே உற்பத்தி செய்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இத்தகைய கருவி மக்கள் வாழ்வில் என்ன மாறுதல் செய்கிறது?

துளையிட்ட அட்டை

நெசவில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு இழைகளில் சில மேலெழும்போது, இடைவெளியில் நாடா ஊடையை இழுத்துச் செல்கிறது. எந்த இழைகள் எழ வேண்டும் என்பதை வரிக்கு வரி மாற்றினால் மயிலோ மாங்காயோ உருவாகும். முன்பு இதற்கு 'அடை' என்னும் நூல் அமைப்பு இருந்தது. அதை இழுத்துக் கொடுக்க உதவியாள் தேவை.

பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804இல் உருவாக்கிய பொறி இவ்வேலையை எளிதாக்கியது. அதில் ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதனுடன் இணைந்த கொக்கி இழையை மேலே தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், இழை எழாது. துளை உண்டு, இல்லை என்னும் இந்த இரண்டே குறிகளால் எந்தச் சித்திரத்தையும் எழுதிவிடலாம்! 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் துளையிட்ட அட்டைகளே பயன்பட்டன. காஞ்சித் தறிகளின் மேலும் ஜக்கார்டு பெட்டி ஏறியது. அடை இழுப்பவரின் வேலை குறைந்தது.

மீதமிருந்த வேலை

ஆனால் உதவியாள் முற்றிலும் விடுபடவில்லை. காஞ்சிச் சேலையின் சிறப்பு 'கோர்வை'. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு கரைகளுக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஜக்கார்டு இழையைத் தூக்குமே தவிர, நாடாவை எறியாது. 1733இல் ஜான் கே கண்டுபிடித்த விசைநாடா, ஒரே ஊடையை ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கொண்டு செல்வது. அது அப்படியே கோர்வைக்குப் பொருந்தாது. ஆகவே ஒரு கரையின் நாடாவை எறிய இன்னொருவர் அருகில் அமர வேண்டும்.

அந்த இன்னொருவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண். முன்பு பல வீடுகளில் பள்ளி செல்ல வேண்டிய சிறுவரும் சிறுமியரும் அங்கே அமர்ந்தார்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் உதவியுடன் நடக்கும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 2016இல் செய்த திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை எல்லாத் தொழில்களிலும் தடை செய்தது. எனினும் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவ இடமளிக்கிறது.

இங்கேதான் வீட்டு உற்பத்தியின் இரு பக்கங்களும் தெரிகின்றன. வேலைக்காக ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. கைத்திறன் குடும்பத்திலேயே வளர்கிறது. அதே சமயம், வீட்டுச் சுவருக்குள் நடக்கும் உழைப்பு எளிதில் கணக்கில் வருவதில்லை. கூலி சேலைக்குப் பேசப்படுகிறது. நூல் சுற்றியவருக்கும் நாடா எறிந்தவருக்கும் தனியாகப் பேசப்படுவதில்லை. தறி நெசவாளருடையதாக இருந்தாலும் பட்டும் ஜரிகையும் வியாபாரியிடமிருந்து வந்தால், விலை சொல்லும் உரிமை அவரிடம் போய்விடுகிறது. கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதற்கு இதுவே காரணம்.

ஆகவே, மலிவான கருவி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டால் அதன் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அது யாருடைய உழைப்பைக் குறைக்கிறது? யாருடைய உழைப்பை அப்படியே விட்டுவிடுகிறது? மூலப்பொருள் யார் கையில் இருக்கிறது? இவற்றையும் கேளுங்கள். வீட்டுத் தறியிலேயே பொருத்தி, கோர்வையை ஒருவரே நெய்யும்படி ஓர் எளிய அமைப்பை எப்படிச் செய்யலாம்? பொறியியல் பயிலும் மாணவர்கள் சிந்திக்கத் தக்க கேள்வி இது.