கடலில் விளையும் பயிர்

கடலிலும் வெள்ளாமை உண்டு என்றால் நம் வாளையார்க்காரர்கள் சிரிப்பார்கள். புலால் தொடாத வியாபாரியான நான், படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

அங்கே பயிர் என்பது நீரில் மிதக்கும் நுண்தாவரங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும் காற்று, மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கும். குளிர்ந்த அடிநீர் மேலேறி நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் உப்புகளைக் கொண்டுவரும். அதுவே உரம். வெயிலும் வேணும், நீர் கலங்கி ஒளி புகாவிட்டால் விளைச்சல் குறையும்.

இந்தப் பயிரை மேய்ந்து கொழுப்பது மத்தி மீன். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் கிடைத்தது. 2021இல் 3,297 டன்தான். எல் நினோவால் மாறிய கடல்நிலையும் அளவுமீறிய பிடிப்பும் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தப் பயிர் பொய்த்தால் அணைவது கடலோரத்து அடுப்புதான், அன்பர்களே.