பணம் கடல் கடக்கிறது, மருத்துவம் கடக்கிறதா?

பிலிப்பீன்ஸ் தலைநகர் மணிலாவிற்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் ஏஞ்சலஸ் நகரம் உள்ளது. அதன் அருகில்தான் அமெரிக்காவின் கிளார்க் விமானப்படைத் தளம் இருந்தது. 1991 ஜூன் மாதம் பினாத்துபோ எரிமலை வெடித்ததைத் தொடர்ந்து அந்தத் தளம் மூடப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில் சுபிக் விரிகுடாவில் இருந்த கடற்படைத் தளமும் பிலிப்பீன்சிடம் ஒப்படைக்கப்பட்டது. போர் விமானங்களும் கப்பல்களும் போய்விட்டன. ஆனால் அங்குப் பணியாற்றிய வீரர்களில் பலர், ஓய்வு பெற்றபின் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்து குடியேறினர். இன்றும் அங்கு அவர்களைக் காணலாம்.

அவர்களில் பலருடைய குடும்பத்தைக் காப்பது மாதந்தோறும் வரும் உடற்குறை உதவித்தொகையாகும். படைச் சேவையின்போது ஏற்பட்ட காயத்திற்கும் நோய்க்கும் அமெரிக்க அரசாங்கம் வழங்கும் தொகை அது. டாலரில் வாங்கிப் பெசோவில் செலவு செய்வதால், அமெரிக்காவில் கைக்கும் வாய்க்குமாக இருக்கும் தொகை இங்கே ஒரு வீட்டை நிம்மதியாக நடத்தப் போதுமானதாகிறது. ஆகவே வெளிநாட்டில் ஓய்வுக் காலத்தைக் கழிப்பது புத்திசாலித்தனமான முடிவு என்றே பலரும் எண்ணுகின்றனர். அது எந்த அளவுக்கு உண்மை?

எது ஓய்வூதியம், எது உதவித்தொகை?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் படையில் பொதுவாக 20 ஆண்டுகள் சேவையாற்றியவருக்குக் கிடைப்பது சேவை ஓய்வூதியம். அதற்கு வருமான வரி உண்டு. உடற்குறை உதவித்தொகை வேறு. இதனை வழங்குவது முன்னாள் படைவீரர் நலத்துறை. இரண்டே ஆண்டுகள் சேவையாற்றியவராக இருந்தாலும், அந்தச் சேவையால் உடலிலோ மனத்திலோ குறை ஏற்பட்டது என்று நிரூபிக்கப்பட்டால் அவர் இதனைப் பெறலாம். இதற்கு வரி கிடையாது.

நம் நாட்டில் வேலையிடத்தில் விபத்துக்குள்ளானவரின் நிரந்தரக் குறையை சொக்சோ மருத்துவ வாரியம் விழுக்காட்டில் மதிப்பிடுவது வாசகர்களுக்குத் தெரிந்ததே. அமெரிக்க முறையும் ஏறக்குறைய அதுபோன்றதுதான். 10 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடு வரை பத்துப் பத்தாக உயரும் படிகள் உள்ளன. 2025ஆம் ஆண்டின் கணக்குப்படி, குடும்பம் இல்லாத தனி ஒருவருக்கு 10 விழுக்காடு என்றால் மாதம் சுமார் 175 டாலர். 70 விழுக்காடு என்றால் சுமார் 1,759 டாலர். 100 விழுக்காடு என்றால் சுமார் 3,831 டாலர். 30 விழுக்காடும் அதற்கு மேலும் பெறுவோருக்கு மனைவி, பிள்ளைகளை முன்னிட்டுக் கூடுதல் தொகை சேர்க்கப்படும்.

ஒருவருக்கு இரண்டு குறைகள் இருந்தால் விழுக்காடுகளை அப்படியே கூட்ட மாட்டார்கள். முதுகுவலிக்கு 50, கேட்கும் திறன் குறைவுக்கு 30 என்றால் மொத்தம் 80 ஆகிவிடாது. முதல் குறை போக எஞ்சியுள்ள 50இல் 30 விழுக்காடு, அதாவது 15 மட்டுமே சேரும். மொத்தம் 65. அதனை 70 என்று முழுமையாக்குவார்கள். இந்தக் கணக்கு புரியாமல், தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று வருந்துவோர் பலர்.

ஊர் மாறினால் தொகை குறையுமா?

குறையாது. அமெரிக்க வீரர் டெக்சஸில் இருந்தாலும் ஏஞ்சலஸில் இருந்தாலும் ஒரே தொகைதான். தடை விதிக்கப்பட்ட ஒருசில நாடுகளில் மட்டுமே பணம் அனுப்புவதில் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் விலைவாசி ஏறும்போது வழங்கப்படும் ஆண்டு உயர்வும் வெளிநாட்டில் இருப்பவருக்குச் சேர்ந்தே வரும்.

ஆனால் பெசோவின் மதிப்பு ஒரே நிலையில் இருப்பதில்லை. 1997ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு டாலருக்கு 26 பெசோ கிடைத்தது. ஆசியப் பொருளாதார நெருக்கடி தாக்கிய சில மாதங்களில் அது 40ஐத் தாண்டியது. 2022ஆம் ஆண்டில் 59ஐத் தொட்டது. டாலர் வாங்குபவருக்கு இது லாபம் போலத் தோன்றும். ஆனால் பெசோ விழும்போது அரிசி, மருந்து, பெட்ரோல் ஆகியவற்றின் விலையும் ஏறிவிடுவதை மறந்துவிடக் கூடாது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. உடல்நிலையை மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று நலத்துறை அழைக்கலாம். முகவரி மாறியதைத் தெரிவிக்காததால் கடிதம் கைக்குக் கிடைக்காமல், சோதனைக்குப் போகத் தவறினால் தொகை குறைக்கப்படலாம். இந்த வகையில் பிலிப்பீன்சில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அமெரிக்க மண்ணுக்கு வெளியே நலத்துறையின் வட்டார அலுவலகம் இருப்பது மணிலாவில் மட்டுமே. வெளிநோயாளிகளுக்கான மருந்தகம் ஒன்றும் அங்கு இயங்கி வருகிறது.

மருத்துவமனை வாசலில்

தொகை குறையாது என்று கேட்டதும் நிம்மதியடைபவர், அடுத்த கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார். நோய் வந்தால் யார் பணம் கட்டுவார்கள்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1977இல் கடற்படையில் சேர்ந்து எட்டாண்டுகள் பணியாற்றிய ஒருவர். முதுகெலும்புக்கும் காதுக்குமாக 70 விழுக்காடு பெறுகிறார். மனைவியோடு ஏஞ்சலஸில் குடியிருக்கிறார். ஒருநாள் விடியற்காலையில் அவருக்கு மாரடைப்பு ஏற்படுகிறது. தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு அறுவைச் சிகிச்சை நடக்கிறது. உயிர் பிழைத்துவிட்டார். கட்டணச் சீட்டு வருகிறது.

நலத்துறையின் வெளிநாட்டு மருத்துவத் திட்டம் இந்தச் செலவை ஏற்காது. சேவையினால் வந்தது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட குறைக்கும் அதனோடு தொடர்புடைய நோய்க்கும் மட்டுமே அத்திட்டம் பணம் கொடுக்கும். அவருடைய முதுகுக்குக் கொடுக்கும், இதயத்திற்குக் கொடுக்காது. 100 விழுக்காடு பெறுபவருக்கும் இதே விதிதான். முதியோருக்கான மெடிக்கேர் காப்பீடோ, பொதுவாக அமெரிக்க எல்லைக்கு வெளியே செல்லாது. மணிலா மருந்தகம் வெளிநோயாளிகளைப் பார்க்கும் இடம். நெஞ்சை அறுத்துச் சிகிச்சை செய்யும் இடம் அன்று. ஆகவே அந்தக் குடும்பம் சேமிப்பை எடுக்க வேண்டும், இல்லையேல் கடன் வாங்க வேண்டும். இவர் அமெரிக்காவிலேயே இருந்திருந்தால், 70 விழுக்காடு பெறுபவர் என்ற முறையில் நலத்துறை மருத்துவமனையிலேயே இதயத்திற்கும் சிகிச்சை கிடைத்திருக்கும். பணம் கடல் கடந்து வந்தது. மருத்துவம் கரையிலேயே நின்றுவிட்டது.

இதே மாரடைப்பு வியட்னாம் போரில் பணியாற்றிய ஒருவருக்கு வந்திருந்தால் நிலைமை வேறு. அங்குத் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச் என்னும் இரசாயனத்தால் ஏற்படும் நோய்களின் பட்டியலில், இதயத்திற்கு இரத்த ஓட்டம் குறையும் நோய் 2010ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் உயர் இரத்த அழுத்தத்தையும் அதில் சேர்த்தது. இப்பட்டியலில் உள்ள நோய்க்கு, போரினால்தான் வந்தது என்று தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பம் செய்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தொகை போதும் என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவோர், வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்திருக்கும்போதுதான் அந்த ஒரு தாளின் அருமையை உணர்கிறார்கள்.

20 ஆண்டுச் சேவை முடித்தவர்களுக்கு டிரைகேர் என்னும் படைக் காப்பீடு வெளிநாட்டிலும் துணை நிற்கும். ஆனால் 65 வயதுக்குப் பிறகு அது தொடர வேண்டுமானால், மெடிக்கேரின் இரண்டாம் பகுதிக்கு மாதாமாதம் சந்தா கட்டி வர வேண்டும். வெளிநாட்டில் உதவாத காப்பீட்டுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று அதனை விட்டுவிட்டவர்கள், டிரைகேரையும் சேர்த்தே இழந்துவிடுகின்றனர். பிறகு சேரலாம் என்றாலோ, தாமதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சந்தாவில் 10 விழுக்காடு அபராதமாக ஏறும்.

மனைவியின் நிலை

வெளிநாட்டில் குடியேறும் வீரர்களில் பலர் அந்நாட்டுப் பெண்ணை மணந்தவர்கள். கணவர் இறந்த மறுநாள் அந்த அம்மாளின் நிலை என்ன? உடற்குறை உதவித்தொகை அவருடைய உயிரோடு நின்றுவிடும். அப்படியே மனைவிக்கு மாறிவிடாது.

மனைவிக்கென்று தனி உதவித்தொகை உண்டு. 2025ஆம் ஆண்டில் அது மாதம் சுமார் 1,653 டாலர். அவர் அமெரிக்கக் குடிமகளாக இருக்க வேண்டும் என்றோ, அமெரிக்காவில் வசிக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. ஆனால் கணவர் சேவையினால் வந்த நோயால் இறந்திருக்க வேண்டும். அல்லது இறப்பதற்கு முன் தொடர்ந்து பத்தாண்டுகளாவது முழுமையான உடற்குறை உள்ளவர் என்று மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக, திருமணமாகி ஓராண்டாவது நிறைவடைந்திருக்க வேண்டும் அல்லது இருவருக்கும் குழந்தை பிறந்திருக்க வேண்டும். மேலே கண்ட கடற்படை வீரர் 70 விழுக்காட்டிலேயே இருந்து, மாரடைப்பில் மாண்டிருந்தால், அவருடைய மனைவிக்கு அந்தத் தொகை கிடைப்பது அரிது. இறப்புச் சான்றிதழில் மருத்துவர் எழுதும் காரணம் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே தீர்மானித்துவிடுகிறது.

ஒரே போர்க்களம், இரண்டு கணக்கு

ஊர் மாறினால் தொகை குறையாது என்பது எல்லாருக்கும் பொருந்தாது. அதற்கும் பிலிப்பீன்சே சாட்சி.

1941 ஜூலை மாதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பிலிப்பீன்ஸ் படையினரை அமெரிக்கப் படைச் சேவைக்கு அழைத்தார். பாத்தானிலும் கொரெஹிடோரிலும் அவர்கள் அமெரிக்க வீரர்களோடு தோளோடு தோள் நின்று ஜப்பானியரை எதிர்த்தனர். போர் முடிந்தபின், 1946 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அவர்களது சேவையைப் பெரும்பாலான சலுகைகளுக்குக் கணக்கில் கொள்ளவில்லை. உடற்குறைக்குக் கிடைக்கும் தொகையும் ஒரு டாலருக்கு 50 சென்ட் என்ற விகிதத்திற்கு இறங்கியது. ஒரே குண்டில் ஒரே காலை இழந்த இருவரில் ஒருவருக்கு முழுத்தொகை, மற்றவருக்குப் பாதி.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு திருத்தம் வந்தது. அமெரிக்காவில் வசிக்கும் குடியுரிமை அல்லது நிரந்தரவாசத் தகுதி பெற்ற பிலிப்பினோ வீரர்களுக்கு முழு விகிதம் வழங்கப்பட்டது. ஆனால் அவர் பேரப்பிள்ளைகளோடு இருக்க ஆசைப்பட்டுத் தாயகம் திரும்பிக் குடியேறினால் மீண்டும் பாதிதான். 2009ஆம் ஆண்டில் ஒரே முறை வழங்கப்பட்ட தொகையிலும் அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000 டாலர் என்று வேறுபாடு இருந்தது.

மலாயா மக்களுக்கு அறிமுகமான கூர்க்கா வீரர்களின் கதை இதற்கு நேர்மாறானது. 1948 முதல் 1960 வரை அவசரகாலத்தில் நம் காடுகளில் போரிட்ட படை அது. அவர்களுடைய ஓய்வூதியம் நேப்பாளத்தில் வாழ்வதைக் கருதியே குறைவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 1997க்கு முன் ஓய்வுபெற்று, குறைந்தது நான்காண்டு சேவையாற்றியவர்கள் பிரிட்டனில் குடியேறலாம் என்று 2009 மே மாதம் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. குடியேறும் உரிமை கிடைத்தது. ஓய்வூதியம் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. நேப்பாளத்தில் கௌரவமாக வாழப் போதுமான தொகை, பிரிட்டனில் வீட்டு வாடகைக்கே போதவில்லை. 2021ஆம் ஆண்டில் முன்னாள் கூர்க்கா வீரர்கள் சிலர் லண்டனில் பிரதமர் இல்லத்திற்கு எதிரே உண்ணாவிரதம் இருந்ததை உலகம் பார்த்தது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இந்த அனுபவங்கள் படைவீரர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குச் செல்பவரும், தமிழ்நாட்டுச் சொந்த ஊரில் கடைசிக் காலத்தைக் கழிக்க நினைப்பவரும் இவற்றை எண்ணிப் பார்க்கலாம். புறப்படும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் பெற வேண்டும். ஊர் மாறினால் தொகை மாறுமா? எந்த நோய்க்கு, எந்த நாட்டில், யார் பணம் கட்டுவார்கள்? பெறுபவர் மறைந்தபின் துணைவருக்கு என்ன கிடைக்கும்?

பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். அதற்குக் கிடைக்கும் நல்ல பதிலில் மகிழ்ந்து வீடு பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். ஆனால் வீட்டு வாடகையை மாதத் தொகை பார்த்துக்கொள்ளும். நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் நிற்கும் மனைவியின் கையில் என்ன இருக்கிறது என்பதை மற்ற இரண்டு பதில்கள்தாம் முடிவு செய்கின்றன.