பத்து வெள்ளி கேட்ட அமைச்சர்

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கியபோது என் பையில் 14 பக்க வணிகத் திட்டமும் ஐந்து பொட்டலம் மீன்கறித் தூளும் இருந்தன. பிரிக்பீல்ட்ஸில் ஒரு டத்தோவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். உறவினர் கல்யாணத்தில் அவருடைய எண் கிடைத்தது. மூன்று வாரம் விடாமல் முயன்று சந்திக்க நேரம் வாங்கியிருந்தேன்.

கணவருக்குத் தொழிற்சாலை வேலை போயிருந்த சமயம். அம்மா தன் சேமிப்பிலிருந்து 3,000 வெள்ளி எடுத்து அரவை இயந்திரம் வாங்கித் தந்திருந்தார். அக்கம்பக்கத்தில் தூள் நன்றாகவே விற்றது. பேரங்காடியில் இடம் கிடைத்துவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்பது என் கணக்கு.

“சொல்லும்மா, நான் என்ன செய்யணும்?” என்று கேட்டார் டத்தோ.

“நீங்கதான் டத்தோ, எப்படியாவது உதவி பண்ணணும்.”

“பார்க்கலாம்மா.”

அந்தப் ‘பார்க்கலாம்’ எட்டு மாதம் ஓடியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார். எனக்குத்தான் பதில் தெரியவில்லை. இதற்கிடையே, “எனக்குப் பெரிய இடத்துப் பழக்கம் இருக்கு, அரசாங்கக் கடன் எடுத்துத் தர்றேன்” என்று வந்த ஒருவரிடம் 500 வெள்ளி முன்பணம் கொடுத்தேன். மறுவாரமே அவர் தொலைபேசி அணைந்தது. அதை அம்மாவிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

அம்மா திட்டவில்லை. “நீ எந்த ரோட்டுக்குப் போய் உதவி கேட்டே?” என்றார்.

“துன் சம்பந்தன் சாலை.”

“அவர் எப்படிக் கேட்டார்னு உனக்குத் தெரியுமா?”

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் தொழிலாளிகள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அது முதலில் வாங்கியது.

“தோட்டத்தையே வாங்கிக் கொடுன்னு கேட்டிருந்தா உன் தாத்தா கதவைச் சாத்தியிருப்பார். பத்து வெள்ளிதானே கேட்டார், அதான் கொடுத்தார்” என்றார் அம்மா.

எனக்கு உறைத்தது. செல்வாக்குள்ள அமைச்சரே, எதிரே நிற்பவரின் கைக்கு அடங்குவதைத்தான் கேட்டிருக்கிறார். நானோ ஒரு மனிதரின் மடியில் என் குடும்பத்தின் எதிர்காலத்தையே இறக்கி வைத்திருக்கிறேன். அவர் என்னதான் செய்வார்?

அடுத்த முறை கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். பார்த்தால் வணக்கம் சொல்லும் அளவுக்குத்தான் பழக்கம். “ஐயா, பேரங்காடிக்குச் சரக்கு எடுக்கிறவங்க யாரையாவது தெரியுமா? பத்து நிமிஷம் பேசினா போதும். மூணு கேள்விதான் கேட்பேன்” என்றேன். அவர் அங்கேயே தொலைபேசியை எடுத்தார்.

அந்தப் பத்து நிமிடத்தில் எட்டு மாதப் பாடம் கிடைத்தது. சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் இருக்கிறதா? பொட்டலத்தில் பட்டைக்குறியீடு உண்டா? மாதம் எத்தனை பொட்டலம் தவறாமல் தர முடியும்? மூன்றுமே என் 14 பக்கத்தில் இல்லை. அதன்பின் ஒவ்வொன்றாக முடித்தேன். இன்று இரண்டு கடைகளில் என் தூள் இருக்கிறது. பெரிய வெற்றி இல்லைதான். ஆனாலும் அம்மாவின் 3,000 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என்னைப்போல் கிளம்பியிருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். உங்களால் முடிந்ததை முதலில் முடித்துவிடுங்கள். வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் அதைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிவு இல்லாமல் பெரியவர்களைப் பார்க்கப் போகாதீர்கள். தெக்குனின் ஸ்பூமி கடனுக்கும், வங்காளதேசத்தின் கிராமின் வங்கியைப் பின்பற்றி 1987-இல் தொடங்கிய அமானா இக்தியாரின் கடனுக்கும் நீங்களே நேரில் விண்ணப்பிக்கலாம். இடையில் நின்று கமிஷன் கேட்பவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். யாரிடம் போனாலும் அவரால் அன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றை மட்டும் கேளுங்கள். அது ஒரு பெயராக இருக்கலாம், ஓர் அறிமுகமாக இருக்கலாம், ஒரு பதிலாக இருக்கலாம். உதவியவரிடம் திரும்பிப் போய் நடந்ததைச் சொல்லுங்கள்.

போன மாதம் அந்த மளிகைக்கடைப் பெரியவருக்கு இரண்டு பொட்டலம் தூள் கொண்டுபோனேன். காசு வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். “அடுத்தது என்னம்மா வேணும்?” என்று அவரே கேட்டார்.