தி பான்யன்

தி பான்யன் என்பது மனநோயுற்று வீடின்றித் தெருவில் வாழ்வோருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்து வரும் தன்னார்வ அமைப்பு ஆகும். இது 1993 ஆம் ஆண்டில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவரால் சென்னையில் தொடங்கப்பட்டது. பான்யன் என்பது ஆலமரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். பெண்களுக்கெனத் தொடங்கிய இதன் பணி பின்னர் ஆண்களுக்கும் விரிவடைந்தது.

பின்னணி

மனநோயும் வீடின்மையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. நோயுற்றவர் வேலையையும் உறவையும் இழந்து தெருவுக்கு வருகிறார். அங்கே மருந்தும் உறக்கமும் பாதுகாப்பும் இன்மையால் நோய் முற்றுகிறது. பெண்கள் பாலியல் வன்முறைக்கும் ஆளாகின்றனர். காப்பகங்களின் நிலையும் நீண்டகாலம் மோசமாகவே இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் உயிரிழந்தனர்.

தொழிற்பயிற்சி

மீட்கப்படுவோருக்கு முதலில் "அடைக்கலம்" என்னும் இல்லத்தில் சிகிச்சை அளிக்கப்படுகிறது. நோய்க்குறிகள் தணிந்தபின் நெசவு, துணியில் அச்சிடுதல் போன்ற தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன.

இத்தகைய பயிற்சியின் பயன் கைத்தொழிலோடு நிற்பதில்லை. குறித்த நேரத்தில் எழுதல், பிறருடன் சேர்ந்து பணிபுரிதல், கூலியை எண்ணிச் செலவிடல் ஆகிய பழக்கங்கள் இதன்வழி மீள்கின்றன. சில மருந்துகள் கைநடுக்கத்தையும் சோர்வையும் உண்டாக்குவதால், வேலையின் அளவும் நேரமும் அவரவர் உடல்நிலைக்கு ஏற்ப அமைதல் வேண்டும். அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இல்லாதவர் வெளியிடங்களில் வேலை பெறுவது கடினம் ஆகையால், அவற்றைப் பெற்றுத் தருதலும் மறுவாழ்வின் பகுதியாகும்.

ஹோம் அகெய்ன் திட்டம்

குணமடைந்தோர் பலர் தம் குடும்பத்துடன் சேர்க்கப்பட்டனர். எனினும் குடும்பம் ஏற்காதவர்களும், ஊரை நினைவுகூர இயலாதவர்களும் தொழில் கற்றபின்னும் காப்பகத்திலேயே தங்க நேர்ந்தது. இதற்குத் தீர்வாக 2015 இல் "ஹோம் அகெய்ன்" திட்டம் தொடங்கப்பட்டது. இதன்படி நால்வர் அல்லது ஐவர் ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில் ஒரு குடும்பம்போல் வாழ்கின்றனர். சமையல், கடைக்குச் செல்லல், வேலைக்குப் போதல் ஆகியவற்றை அவர்களே முடிவு செய்கின்றனர். தேவையான அளவுக்குப் பணியாளர் துணை நிற்கின்றனர். இத்திட்டம் கேரளம், அசாம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களிலும் செயற்படுத்தப்பட்டது.

சட்டநிலை

2018 இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, குடும்பம் இல்லை அல்லது வீடு இல்லை என்ற காரணத்தால் மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கலாகாது என்கிறது. வீடற்ற மனநோயாளிகளுக்கு இலவசச் சிகிச்சை பெறும் உரிமையையும் அச்சட்டம் வழங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் மனநோயுற்றோரையும் சேர்த்துள்ளது.