குடியேறியவர் எழுதிய சட்டம்: ஹவாய் நீதிபதி லீ

பிழைக்கப் போன இடத்துல கடை வைத்தவர் உண்டு, உத்தியோகம் பார்த்தவர் உண்டு. அந்த நாட்டுக்கே சட்டம் எழுதியவரும் உண்டு. ஹவாய் இன்று அமெரிக்க மாநிலம்; 1893 வரை முடியாட்சி நடந்த தீவு நாடு. அங்கே தலைமை நீதிபதியானவர் வில்லியம் லிட்டில் லீ.

1821-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். 1846-இல் ஆரிகானுக்குப் புறப்பட்ட அவரது கப்பல் வழியில் ஹொனலூலு துறையில் நின்றது. சட்டம் படித்தவருக்கு அங்கே பஞ்சம். இருக்கச் சொன்னார்கள், இருந்துவிட்டார். அவ்வாண்டே நீதிபதி, 1848-இல் தலைமை நீதிபதி, 1851-இல் பிரதிநிதிகள் சபைத் தலைவர். 1850-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும் 1852-இன் அரசியல் சட்டமும் பெரும்பாலும் அவர் கைவேலையே.

இதில் முக்கியமானது நில விவகாரம். முன்பு ஹவாயில் நிலம் விற்பனைச் சரக்கல்ல; மன்னர், தலைவர், குடிகள் மூவருக்கும் அதில் பாத்தியம். 1848-இல் மூன்றாம் கமெஹமெஹா மன்னரும் 245 தலைவர்களும் பங்கு பிரித்துக்கொண்டனர். நில ஆணையத் தலைவரான லீ, உழுகிறவனுக்கும் சொந்தம் வேணும் என்று முனைந்து 1850-இல் அதைச் சட்டமாக்கினார்.

எண்ணம் நல்லதுதான். ஆனா, உரிமை கோரி மனு எழுத வேணும், சாட்சி கொண்டுவர வேணும், நில அளவைக்குக் காசு கட்ட வேணும். மனு கொடுக்கும் கெடுவோ 1848 பிப்ரவரி 14-லேயே முடிந்திருந்தது! குடிகளுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அதே 1850-இல் அந்நியரும் நிலம் வாங்கலாம் என்றாயிற்று. ஒப்பந்தக் கூலி வேலைக்கு வராவிட்டால் இரட்டிப்பு நாள் உழைக்க வேணும், மறுத்தால் சிறை என்ற சட்டமும் அவ்வாண்டே வந்தது. லீயோ 1849 முதல் கவாய்த் தீவின் லிஹுவே கரும்புத் தோட்டத்தில் பங்காளி.

காசநோயால் 1857-இல், 36 வயதிலேயே லீ மறைந்தார். 1893-இல் அரசி லிலியுவோகலானியை நீக்கியவர்களில் குடியேறியவர்களும் அவர்தம் வழிவந்தவர்களுமே மிகுதி. 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்ந்தன.

தராசு பிடிக்கிறவனுக்கே சரக்கிலும் பங்கு இருந்தால், அவன் நல்லவனானாலும் நிறுவை ஐயத்துக்கு இடமாகும். வியாபாரிக்கு இது தெரிந்ததே. சமணத்தில் இல்லறத்தாருக்கு மிகுபொருள் விரும்பாமை என்றொரு விரதம் உண்டு. சேர்க்கும் பொருளுக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்வது அது. வந்த ஊரில் உயர்வது தவறல்ல. அங்கே நம் சொல் ஏறும் நாளில், அந்த மண்ணின் எளியவன் கெடுவுக்குள் மனுக் கொடுத்தானா என்றும் பார்க்க வேணும்.