கழுத்துக் கட்டி: முதலில் ஊசி, பிறகே கத்தி

கழுத்தில் வலியற்ற கட்டி தோன்றினால், 'நெறி கட்டியிருக்கிறது' என்று விட்டுவிடுகிறோம். நாற்பது வயதைக் கடந்தவருக்கு அது மூன்று வாரங்களாகியும் கரையாவிடில், வாய், நாக்கு, தொண்டை ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் புற்றுநோய் நிணநீர்க் கணுவுக்குப் பரவியதாக இருக்கலாம். இடது காறை எலும்புக்கு மேலே எனில் இரைப்பையையும் நுரையீரலையும் ஐயுற வேண்டும்.

நம் நாட்டில் காசநோய் மிகுதி. அதனால் சோதிக்காமலே அதற்கான மாத்திரைகளை விழுங்கி, மாதங்களை இழப்போர் உண்டு. எடுத்த எடுப்பில் கட்டியை அறுத்தெடுப்பதும் பின்வரும் சிகிச்சையைச் சிக்கலாக்கக்கூடும். மெல்லிய ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனையே பெரும்பாலும் விடை தந்துவிடும். பொருளியல் படித்தவனின் கணக்கில், இவ்வளவு சிறு செலவில் இவ்வளவு பயன் தருவது அரிது. அதன்பின் மூலத்தைத் தேடி உள்நோக்கியும் ஸ்கேனும். கருங்கல்லிலிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்வோர், அறிக்கையுடன் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லட்டும். அங்கே அவற்றை மறுபடி ஆராய்வார்கள்.